இளஞ்சிவப்பு நிறத்திலிருந்து எண்களுக்கு: வேதியியல் வகுப்பறைக்குள் சென்சார் நுழைந்த கதை

வேதியியல் ஆய்வகத்தில் ஒருமுறையாவது பியூரெட் பிடித்தவர்களுக்கு அந்தக் கணம் மறக்காது. கூம்புக் குடுவையில் அமிலம், அதில் இரண்டு சொட்டு பினாப்தலீன். மேலிருந்து காரம் சொட்டுச் சொட்டாக விழுகிறது. ஒன்றும் ஆகவில்லை, ஒன்றும் ஆகவில்லை... திடீரென்று ஒரு சொட்டில் முழுக் கரைசலும் இளஞ்சிவப்பு! கொஞ்சம் கவனம் தவறினால் அடர்ந்த சிவப்பாகிவிடும். பிறகு முதலிலிருந்து மறுபடியும்.

இன்று பல நாடுகளின் பள்ளிகளில் இதே சோதனையை வேறு விதமாகச் செய்கிறார்கள். குடுவைக்குள் பேனா அளவில் ஒரு சென்சார் நிற்கிறது. அதன் கம்பி கணினிக்குப் போகிறது, அல்லது கம்பியே இல்லாமல் கைப்பேசியோடு பேசுகிறது. காரம் விழ விழ, திரையில் ஒரு கோடு மெதுவாக ஏறி, ஓரிடத்தில் செங்குத்தாக எழுந்து, மறுபடி சமமாகிறது. நிறத்தைப் பார்த்து ஊகிக்க வேண்டிய அவசியம் இல்லை.

இந்த மாற்றம் எப்படி வந்தது? இதன் பின்னால் ஒரு பீர் தொழிற்சாலை, எலுமிச்சைச் சாறு, ஒரு கொல்லரின் மகன், ஒரு விளையாட்டுக் கணினி என்று எதிர்பாராத பல பேர் வருகிறார்கள். அதைவிட முக்கியமாக ஒரு கேள்வியும் இருக்கிறது. கருவி நம் கண்ணின் வேலையை எடுத்துக்கொண்டால், மாணவன் கற்பது கூடுமா, குறையுமா?

கண்தான் முதல் கருவி

பல நூற்றாண்டுகளாக வேதியியலாளரின் முக்கியமான அளவுகருவி கண்தான். 1664இல் ராபர்ட் பாயில் நிறங்களைப் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். ஊதாப்பூவின் சாறு அமிலத்தில் சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறுவதை அதில் விவரித்தார். ஒரு பொருள் அமிலமா காரமா என்று நிறத்தை வைத்துச் சொல்லலாம் என்பதை ஒரு முறையாகவே ஆக்கியவர் அவர். பாசிக்காளானிலிருந்து எடுக்கப்படும் லிட்மஸும் இதே வேலையைச் செய்தது. 1871இல் ஜெர்மனியின் அடால்ஃப் பான் பேயர் பினாப்தலீனைத் தயாரித்தார். சில ஆண்டுகளிலேயே அது நிறங்காட்டியாகப் பயன்படத் தொடங்கியது.

நிறங்காட்டிகளுக்கு ஒரு குறை உண்டு. அவை "இப்போது எல்லையைத் தாண்டிவிட்டது" என்று மட்டும்தான் சொல்லும். எல்லைக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்று சொல்லாது. கரைசலுக்கே நிறம் இருந்தால் எதுவும் தெரியாது. பார்ப்பவருக்கு நிறக்குருடு இருந்தாலும் சிக்கல்தான்.

பீர் தொழிற்சாலையில் பிறந்த பி.எச்.

அமிலத்தன்மைக்கு ஓர் எண் கொடுத்தவர் டென்மார்க்கைச் சேர்ந்த சோரன் சோரன்சன். கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் நிறுவனத்தை நடத்திய ஜேக்கப்சன் 1875இல் ஓர் ஆய்வகம் தொடங்கியிருந்தார். அதன் வேதியியல் பிரிவுக்குத் தலைவராக இருந்த சோரன்சன், நொதிகள் எந்த அளவு அமிலத்தன்மையில் நன்றாக வேலை செய்கின்றன என்று ஆராய்ந்தார்.

அதற்கு ஹைட்ரஜன் அயனிகளின் செறிவைத் திரும்பத் திரும்ப எழுத வேண்டியிருந்தது. 0.001, 0.0000001 என்று பூஜ்ஜியங்களாக எழுதினால் படிப்பவருக்குத் தலை சுற்றும். எனவே 1909இல் அவர் மடக்கை அளவு ஒன்றை முன்வைத்தார். 0.001 என்பது 3 ஆனது, 0.0000001 என்பது 7 ஆனது. இதுவே பி.எச். அளவு. இதில் ஒரு படி இறங்கினால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு 10 மடங்கு கூடுகிறது என்பதை மறக்கக்கூடாது. எலுமிச்சைச் சாற்றின் பி.எச். சுமார் 2, தூய நீருடையது 7. வித்தியாசம் வெறும் 5 என்று தோன்றும். உண்மையில் அது ஒரு லட்சம் மடங்கு!

எண் கிடைத்தது. ஆனால் அதை அளப்பது சுலபமாக இல்லை. ஹைட்ரஜன் மின்முனை என்ற அமைப்பில் பிளாட்டினத்தின் மேல் ஹைட்ரஜன் வாயுவைக் குமிழியிட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பொறுமையும் திறமையும் வேண்டிய வேலை. பள்ளி மாணவர்கள் கையில் கொடுக்கக்கூடியது அல்ல.

கண்ணாடிக்குள் ஒளிந்திருந்த விடை

இன்னொரு வழி ஜெர்மனியில் கிடைத்தது. மெல்லிய கண்ணாடிச் சவ்வின் இரு புறமும் வெவ்வேறு அமிலத்தன்மை உள்ள கரைசல்கள் இருந்தால், சவ்வின் குறுக்கே ஒரு மின்னழுத்தம் உண்டாகிறது என்று 1906இல் மாக்ஸ் கிரெமர் கண்டறிந்தார். 1909இல் ஃபிரிட்ஸ் ஹேபரும் சிக்மன்ட் கிளமென்சிவிச்சும் இதை ஒரு முறையான கண்ணாடி மின்முனையாக ஆராய்ந்து வெளியிட்டார்கள். அம்மோனியா தயாரிப்பு முறைக்காகப் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற அதே ஹேபர்தான்.

இதன் தத்துவம் எளிது. 25 டிகிரி செல்சியஸில், பி.எச். ஒரு படி மாறினால் மின்முனையின் மின்னழுத்தம் சுமார் 59 மில்லிவோல்ட் மாறும். மின்னழுத்தத்தை அளந்தால் பி.எச். தெரிந்துவிடும்.

அப்படியானால் 1909லேயே எல்லா ஆய்வகங்களிலும் இது வந்திருக்க வேண்டுமே? வரவில்லை. காரணம் கண்ணாடி. அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது. ஒரு கண்ணாடி மின்முனையின் மின்தடை 100 மெகா ஓம் அளவுக்கு இருக்கலாம். 59 மில்லிவோல்ட்டை 100 மெகா ஓமால் வகுத்துப் பாருங்கள். கிடைப்பது ஒரு ஆம்பியரில் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான மின்னோட்டம். சாதாரண கால்வனாமீட்டரின் முள் இதற்கு அசையவே அசையாது. மின்தடையைக் குறைக்கக் கண்ணாடியை மிக மெல்லியதாகச் செய்தால், தொட்டாலே உடைந்துவிடும்.

விடை கையில் இருந்தும் அதைப் படிக்கக் கருவி இல்லாமல் கால் நூற்றாண்டு போனது.

எலுமிச்சைச் சாறும் கொல்லரின் மகனும்

ஆர்னால்ட் பெக்மன் 1900இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸ் மாநிலத்தில் கல்லம் என்ற சிற்றூரில் பிறந்தார். தந்தை ஊர்க் கொல்லர். ஒன்பது வயதில் வீட்டுப் பரணில் கிடைத்த பழைய வேதியியல் பாடநூல் ஒன்றே அவரை அந்தத் துறைக்கு இழுத்தது. அதிலிருந்த சோதனைகளைச் செய்துபார்க்கத் தந்தையே அவருக்கு ஒரு சிறு கொட்டகை கட்டிக் கொடுத்தார்.

வேதியியல் படித்த பெக்மன், இடையில் இரண்டாண்டு நியூயார்க்கில் வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தில் வேலை பார்த்தார். அங்கேதான் வெற்றிடக் குழாய்களைப் பற்றிக் கற்றார். அன்றைய வேதியியலாளர்களில் மின்னணுவியல் தெரிந்தவர்கள் மிகக் குறைவு. இந்த இரட்டை அறிவுதான் பிறகு கைகொடுத்தது.

1934இல் அவர் கலிபோர்னியாவின் கால்டெக்கில் ஆசிரியர். கல்லூரித் தோழர் கிளென் ஜோசப் ஒரு சிக்கலோடு வந்தார். ஜோசப் வேலை பார்த்தது எலுமிச்சை, ஆரஞ்சு விவசாயிகளின் கூட்டுறவு அமைப்பின் ஆய்வகத்தில். சாற்றின் அமிலத்தன்மையை அளக்க வேண்டும். ஆனால் சாறு கெடாமலிருக்கச் சேர்த்த சல்பர் டை ஆக்சைடு, லிட்மஸின் நிறத்தை வெளுக்கச் செய்தது. ஹைட்ரஜன் மின்முனையையும் கெடுத்தது. கண்ணாடி மின்முனையோ உடைந்துகொண்டே இருந்தது.

பெக்மன் சொன்ன தீர்வு இதுதான்: கண்ணாடியை மெல்லியதாக்க வேண்டாம், தடித்த உறுதியான மின்முனையையே வையுங்கள். அந்தச் சிறிய சமிக்ஞையை வெற்றிடக் குழாய் கொண்டு பெருக்கிக்கொள்ளலாம். வெற்றிடக் குழாய் மின்முனையிலிருந்து ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை என்பதால், கண்ணாடியின் பெரிய மின்தடை தடையாக இருக்காது. அவரே ஒன்றைச் செய்தும் கொடுத்தார். சில மாதங்களில் ஜோசப் மீண்டும் வந்தார். இன்னொன்று வேண்டுமாம்! சக ஊழியர்கள் எல்லோரும் முதல் கருவியை எடுத்துக்கொண்டு போவதால் அவருக்கே கிடைப்பதில்லை.

அப்போதுதான் இதற்குச் சந்தை இருக்கும் என்று பெக்மனுக்குத் தோன்றியது. 1934 அக்டோபரில் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1935இல் விற்பனைக்கு வந்த கருவியின் விலை 195 டாலர். அன்றைக்கு அது பெரிய தொகை. பிலடெல்பியாவின் பெரிய ஆய்வகப் பொருள் விற்பனையாளர்கள் பத்தாண்டுகளில் 600 கருவிகள் விற்கலாம் என்று கணித்தார்கள். கணிப்பு பொய்த்தது. கருவி அதைவிட மிக வேகமாகப் பரவியது.

ஒரு கைப்பெட்டிக்குள் மின்முனை, பெருக்கி, அளவுமுள் மூன்றும். திறந்து, நனைத்து, படித்துக்கொள்ளலாம். வேதியியலாளர்கள் மின்னணுக் கருவியைத் தினசரிப் பொருளாகப் பயன்படுத்தத் தொடங்கியது இதிலிருந்துதான். 1953இல் வந்த ஸ்பெக்ட்ரானிக் 20 என்ற நிறமாலைமானி அதே பாதையில் கல்லூரி ஆய்வகங்களுக்குள் நுழைந்து பல பத்தாண்டுகள் இருந்தது.

ஆனால் பள்ளி வகுப்பறை? அங்கே ஒரு பி.எச். மீட்டர் ஆசிரியரின் அலமாரியில் பூட்டி வைக்கப்படும் பொருள். முப்பது மாணவருக்கு முப்பது கருவி என்பது கனவு.

சுற்றி வந்த வட்டம்

இங்கே வரலாறு ஒரு வேடிக்கையான திருப்பம் எடுக்கிறது. பி.எச். மீட்டரால் வளர்ந்த பெக்மனின் நிறுவனம், 1956இல் டிரான்சிஸ்டரைக் கண்டுபிடித்தவர்களில் ஒருவரான வில்லியம் ஷாக்லிக்குப் பணம் கொடுத்து, கலிபோர்னியாவின் மவுண்டன் வியூவில் ஒரு குறைக்கடத்தி ஆய்வகம் அமைத்தது. ஷாக்லியோடு ஒத்துப்போகாமல் 1957இல் எட்டுப் பேர் வெளியேறினார்கள். அவர்களில் ராபர்ட் நாய்சும் கார்டன் மூரும் 1968இல் இன்டெல் நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 1971இல் இன்டெல் 4004 என்ற நுண்செயலி வந்தது. அந்தப் பாதையில்தான் 1970களின் இறுதியில் மேசைக் கணினிகள் வந்தன. எலுமிச்சைச் சாற்றிலிருந்து வந்த பணம், வகுப்பறைக்குக் கணினி வருவதற்கும் ஒரு சிறு காரணம் ஆனது!

1977இல் ஆப்பிள் 2 கணினி வெளியானது. அதில் இருந்தது இன்டெல் சில்லு அல்ல, மாஸ் டெக்னாலஜியின் 6502. ஆனால் ஆசிரியர்களின் கண்ணில் பட்டது வேறொன்று. விளையாட்டுக் கைப்பிடிகளைச் செருகும் துளை. கைப்பிடியைத் திருப்பினால் அதன் மின்தடை மாறும், கணினி அந்த மாற்றத்தை எண்ணாகப் படிக்கும். அப்படியானால் கைப்பிடிக்குப் பதிலாக ஒரு தெர்மிஸ்டரைச் செருகினால்? வெப்பநிலை மாறும்போது தெர்மிஸ்டரின் மின்தடை மாறும். விளையாட்டுத் துளை வெப்பமானி ஆகிவிடும்!

அமெரிக்காவின் கேம்பிரிட்ஜில் டெர்க் என்ற கல்வி ஆய்வு அமைப்பில் இருந்த ராபர்ட் டிங்கர் என்ற இயற்பியலாளர் இந்த யோசனையைப் பெரிதாக வளர்த்தார். சென்சார், கணினி, உடனுக்குடன் வரையப்படும் வரைபடம் ஆகிய மூன்றும் சேர்ந்த இந்த முறைக்கு நுண்கணினி வழி ஆய்வகம் என்று பெயர். ஆங்கில எழுத்துச் சுருக்கமாக எம்.பி.எல். 1981இல் ஓரிகன் மாநிலத்தில் இயற்பியல் ஆசிரியரான டேவிட் வெர்னியரும் அவர் மனைவி கிறிஸ்டினும் பள்ளிகளுக்கான மென்பொருள் விற்கத் தொடங்கினார்கள். பின்னர் அது பெரிய சென்சார் நிறுவனமாக வளர்ந்தது. அதே 1981இல் பிரிட்டனில் வந்த பி.பி.சி. மைக்ரோ கணினியில், மின்னழுத்தத்தை நேரடியாக எண்ணாக மாற்றும் நான்கு வழி உள்ளீடு கணினியோடு சேர்ந்தே இருந்தது. 1994இல் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனம் கால்குலேட்டரோடு இணைக்கும் சி.பி.எல். பெட்டியைக் கொண்டுவந்தது. கணினி இல்லாத வகுப்பறையிலும் கையடக்கக் கால்குலேட்டர் திரையில் வளைகோடு வரையலாம் என்றானது.

இதில் எண்களின் நுணுக்கமும் முக்கியம். 8 பிட் மாற்றி ஒரு சமிக்ஞையை 256 படிகளாகப் பிரிக்கும். 0 முதல் 14 வரையுள்ள பி.எச். அளவை அப்படிப் பிரித்தால் ஒரு படி சுமார் 0.05. 12 பிட் மாற்றியில் 4096 படிகள். ஒரு படி 0.004க்கும் குறைவு.

வளைகோடு எதைச் சொல்கிறது?

ஓர் எடுத்துக்காட்டு. 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 25 மில்லி லிட்டர். அதே செறிவுள்ள சோடியம் ஹைட்ராக்சைடை அதில் விடுகிறோம். ஆரம்பத்தில் பி.எச். 1. பாதி காரம், அதாவது 12.5 மில்லி விட்டபின்பும் பி.எச். 1.5 தான். 24 மில்லியில் 2.7. 24.9 மில்லியில் 3.7. 25இல் 7. 25.1இல் 10.3!

கடைசி 0.2 மில்லியில், அதாவது நான்கைந்து சொட்டுகளில், பி.எச். ஆறரைப் படிக்கு மேல் தாவுகிறது. பினாப்தலீன் நிறம் மாறுவது 8.2க்கும் 10க்கும் இடையில். அது ஏன் ஒரே சொட்டில் "திடீரென்று" மாறுகிறது என்பதற்கு விடை இந்த வளைகோட்டில்தான் இருக்கிறது. நிறத்தை மட்டும் பார்க்கும் மாணவருக்கு அது மந்திரம் போல. வளைகோட்டைப் பார்ப்பவருக்குக் காரணம் தெரிகிறது.

அசிட்டிக் அமிலத்தை எடுத்தால் இன்னொன்றும் தெரியும். பாதி நடுநிலையான இடத்தில் பி.எச். சுமார் 4.76. அதுவே அந்த அமிலத்தின் வலிமையைச் சொல்லும் மாறிலி. நிறங்காட்டியால் இதைக் காட்டவே முடியாது.

மாணவர்கள் உண்மையில் கற்றார்களா?

இதைச் சோதித்தும் பார்த்தார்கள். 1987இல் ஹெதர் பிராசல் வெளியிட்ட ஆய்வு இயற்பியல் சார்ந்தது. நகர்வின் வரைபடத்தை அதே கணத்தில் திரையில் பார்த்த மாணவர்கள் நன்றாகப் புரிந்துகொண்டார்கள். அதே வரைபடத்தை அரை நிமிடம்கூட ஆகாத தாமதத்துடன் காட்டியபோது, அந்த நன்மையில் பெரும்பகுதி மறைந்துவிட்டது. அப்படியானால் பயன் கருவியின் துல்லியத்தில் மட்டும் இல்லை. கையின் செயலும் கண்ணில் படும் விளைவும் ஒரே நேரத்தில் சேர்வதில்தான் இருக்கிறது.

வேதியியலில் மேரி நாக்லேயும் ஜோசப் கிராஜ்சிக்கும் 1994இல் வெளியிட்ட ஆய்வு நம் கேள்விக்கு நேராகவே வருகிறது. சிறிய மாணவர் குழுக்கள் அமில-காரத் தரம்பார்த்தலைச் செய்தன. ஒரு பிரிவுக்கு நிறங்காட்டி, ஒரு பிரிவுக்கு பி.எச். மீட்டர், ஒரு பிரிவுக்குக் கணினியோடு இணைந்த சென்சார். சோதனைக்கு முன்னும் பின்னும் மாணவர்கள் தாங்கள் புரிந்துகொண்டதைக் கருத்து வரைபடமாக வரைந்தார்கள். கணினிப் பிரிவில்தான் முன்னேற்றம் அதிகம். ஆனால் அதோடு நிற்கவில்லை. சரியான தொடர்புகளோடு தவறான தொடர்புகளையும் அவர்களே அதிகம் வரைந்திருந்தார்கள்! வளைகோடு அவர்களை அதிகம் யோசிக்க வைத்தது. யோசித்தவர்கள் சில இடங்களில் தவறாகவும் யோசித்தார்கள். அதைத் திருத்தும் வேலை ஆசிரியருடையது, சென்சாருடையது அல்ல.

கேட்கும் வேதியியல்

சென்சார் யாருடைய வாழ்க்கையை உண்மையிலேயே மாற்றியது என்று கேட்டால், பார்வையற்ற மாணவர்களைச் சொல்ல வேண்டும். நிறமே முடிவு என்ற ஆய்வகத்தில் அவர்களுக்கு இடம் எங்கே? பக்கத்து மாணவர் பார்த்துச் சொல்வதை எழுதிக்கொள்வதுதான் பெரும்பாலும் நடந்தது. 2000களில் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில், பார்வையற்ற வேதியியலாளரான கேரி சுபாலோவும் சக ஆய்வாளர்களும் இதை மாற்ற முயன்றார்கள். வெர்னியர் சென்சார்களின் அளவீடுகளைத் திரைவாசிப்பான் மென்பொருள் உரக்கப் படிக்கும்படி செய்தார்கள். கரைசலுக்குள் அமிழ்த்தும் ஓர் ஒளி உணரியையும் உருவாக்கினார்கள். நிறம் மாறினாலோ வீழ்படிவு உண்டானாலோ அது எழுப்பும் ஒலியின் சுருதி மாறும். வீழ்படிவு உண்டாவதை ஒரு மாணவர் முதன்முறையாகத் தானே, தன் காதால், அறிந்துகொள்ள முடிந்தது.

கண்ணின் வேலையைக் கருவி எடுத்துக்கொள்வதைப் பற்றிக் கவலைப்படுபவர்கள் இந்தப் பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

விலையும் எச்சரிக்கையும்

விலை இன்னும் ஒரு தடைதான். அதைக் குறைக்க இந்தியாவிலும் முயற்சி நடந்தது. புதுதில்லியில் உள்ள பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான முடுக்கி மையம், 2000களின் நடுவில் ஃபீனிக்ஸ் என்ற திட்டத்தைத் தொடங்கியது. அதன் வழியில் பின்னர் எக்ஸ்பைஸ் என்ற சிறு பெட்டி வந்தது. கணினியோடு இணைத்து மின்னழுத்தம், நேரம் போன்றவற்றை அளக்கலாம். வடிவமைப்பும் மென்பொருளும் எல்லோருக்கும் திறந்தவை. இயற்பியலுக்காகப் பிறந்தாலும், மின்னழுத்தமாக மாற்றக்கூடிய எதையும் அதனால் படிக்க முடியும். இத்தாலியில் 2005இல் பிறந்த ஆர்டுவினோ பலகையும் இதே வழியை மாணவர்களுக்குத் திறந்தது.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. கண்ணாடி மின்முனை காலப்போக்கில் முதுமையடையும், காய்ந்தால் கெடும். பி.எச். 4, 7, 10 என்று அறியப்பட்ட தாங்கல் கரைசல்களில் நனைத்துச் சரிபார்க்காவிட்டால், திரை 6.83 என்று இரண்டு தசம இடத்துக்குத் தவறான எண்ணைக் காட்டும். நிறங்காட்டி தவறினால் அது குழப்பமாகத் தெரியும். எண் தவறினால் அது நிச்சயம் போலவே தெரியும். சரிபார்க்காமல் எண்ணை நம்பும் மாணவர், கண்ணால் பார்த்து ஊகித்த பழைய மாணவரைவிட ஒரு படி பின்னால்தான் நிற்கிறார்.

எனவே நல்ல ஆசிரியர்கள் இரண்டையும் சேர்த்தே செய்யச் சொல்கிறார்கள். குடுவையில் சென்சாரும் இருக்கட்டும், இரண்டு சொட்டு பினாப்தலீனும் இருக்கட்டும். திரையில் கோடு செங்குத்தாக எழும் அதே நொடியில் கரைசல் இளஞ்சிவப்பாவதைப் பார்க்கும் மாணவருக்கு, நிறம் எதைச் சொல்கிறது, எண் எதைச் சொல்கிறது என்று இரண்டும் புரியும். தன் கருவியைச் சக ஊழியர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள் என்று வந்து நின்ற கிளென் ஜோசப்புக்கு வேண்டியிருந்தது சாற்றின் அமிலத்தன்மை மட்டும்தான். அதற்காகப் பிறந்த பெட்டியின் வாரிசு இன்று பள்ளி மேசையில் நிற்கிறது. அதை அலமாரியில் பூட்டி வைக்காமல் மாணவர் கையில் கொடுப்பதுதான் மீதமிருக்கும் வேலை.